அணைந்துபோன சேனலின் 42,000 பங்குகள்

2023 ஜூலை 19. பாங்காக் நாடாளுமன்றத்தில் அனல் பறக்கும் விவாதம். அடுத்த பிரதமர் யார் என்பதுதான் கேள்வி. அந்த நேரத்தில் அரசியல் சாசன நீதிமன்றத்தின் உத்தரவு வந்து சேர்கிறது: வழக்கு முடியும்வரை பிட்டா லிம்ஜரோன்ராட் எம்.பி.யாகச் செயல்படக் கூடாது. பிட்டா எழுந்தார். அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். முஷ்டியை உயர்த்தியபடி வெளியே நடந்தார். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவருடைய மூவ் ஃபார்வர்டு கட்சி 151 இடங்களுடன் தேர்தலில் முதலிடம் பிடித்திருந்தது.

அவர்மீதான புகார், ஐ.டி.வி. நிறுவனத்தில் 42,000 பங்குகள் வைத்திருந்தார் என்பது. நிறுவனத்தின் மொத்தப் பங்குகளோ சுமார் 120 கோடி. அப்பா விட்டுச்சென்ற சொத்தின் நிர்வாகியாகத்தான் அவற்றை வைத்திருந்ததாக பிட்டா சொன்னார். ஊடகப் பங்கு வைத்திருப்பவர் தேர்தலில் நிற்க முடியாது என்கிறது 2017 அரசியல் சாசனம். ஆனால், ஐ.டி.வி. சேனல் 2007-லேயே மூடப்பட்டுவிட்டது.

ரத்தத்தில் பிறந்த சேனல்

ஐ.டி.வி.யின் கதையைத் தெரிந்துகொண்டால் தாய்லாந்து அரசியலே புரிந்துவிடும். 1992 மே மாதம், தேர்தலில் நிற்காமலே பிரதமரான ராணுவத் தளபதி சுசிந்தாவை எதிர்த்து பாங்காக் வீதிகளில் மக்கள் திரண்டார்கள். ராணுவம் சுட்டது, பலர் மாண்டார்கள். எல்லா டி.வி. சேனல்களும் அரசு அல்லது ராணுவத்தின் பிடியில் இருந்ததால், சொந்த ஊரில் நடந்த படுகொலையை மக்களால் தங்கள் டி.வி.யில் பார்க்க முடியவில்லை. வெளிநாட்டுச் செய்திகளைப் பதிவுசெய்த வீடியோ கேசட்டுகள் நகலெடுக்கப்பட்டுக் கைமாறின.

‘யாருக்கும் கட்டுப்படாத ஒரு சேனல் வேண்டும்’ என்ற குரல் அப்போதுதான் எழுந்தது. அதன் விளைவாக 1996-ல் ஐ.டி.வி. தொடங்கியது. பெரும்பகுதி நேரம் செய்தியும் தகவலும் என்பது நிபந்தனை. ஒரே முதலாளி வளைத்துவிடாதபடி பங்குகளுக்கு உச்சவரம்பும் வைத்தார்கள்.

1997 பொருளாதார நெருக்கடி அந்த வேலியைச் சாய்த்தது. கடனில் தத்தளித்த சேனலைக் காப்பாற்ற உச்சவரம்பு தளர்த்தப்பட, 2000-ல் தக்சின் ஷினவத்ரா குடும்பத்தின் ஷின் கார்ப்பரேஷன் அதை வாங்கியது. அடுத்த ஆண்டே தக்சின் பிரதமர். தேர்தல் செய்திகளில் தலையீடு இருப்பதாகக் குரல் கொடுத்த 23 பத்திரிகையாளர்கள் வேலையிழந்தார்கள். நான்கு ஆண்டுகள் போராடி, 2005-ல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள்.

2006-ல் ஷின் பங்குகள் சிங்கப்பூரின் டெமாசெக்குக்குக் கைமாறின. அதே ஆண்டு ராணுவம் தக்சினைக் கவிழ்த்தது. உரிமக் கட்டண நிலுவையும் அபராதமுமாகச் சுமார் 10,000 கோடி பாட் கேட்டது அரசு. கட்ட முடியாமல் 2007 மார்ச்சில் ஐ.டி.வி. உரிமத்தை இழந்தது. அந்த அலைவரிசையில்தான் 2008-ல் ‘தாய் பி.பி.எஸ்.’ பொதுச் சேனல் வந்தது. மது, புகையிலை வரியின் ஒரு பகுதிதான் அதற்கு நிதி.

வேலியே பயிரை மேய்ந்தது

அரசியல்வாதி ஊடகத்தை வளைக்கக் கூடாது என்ற விதி, தக்சின் காலத்து அனுபவம் தந்த பாடம். நியாயமான விதிதான். ஆனால், அது பாய்ந்தது யார்மீது? 2019-ல் ஃபியூச்சர் ஃபார்வர்டு கட்சித் தலைவர் தனதோர்னின் எம்.பி. பதவியைப் பறித்தது, அடுத்தது பிட்டா. இருவருமே ராணுவத்தின் அரசியல் ஆதிக்கத்தை எதிர்த்தவர்கள். ராணுவத்துக்கோ ‘சேனல் 5’ என்று சொந்தமாகவே ஒரு சேனல் உண்டு. 2014 மே 22 அன்று ஆட்சியைப் பிடித்த கையோடு மற்ற சேனல்களின் நிகழ்ச்சிகளையும் ராணுவம் நிறுத்தியது. திரைகளில் ராணுவக் குழுவின் சின்னமும் தேசபக்திப் பாடல்களும்தான்.

2024 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: ஐ.டி.வி. ஊடகத் தொழிலே நடத்தவில்லை, பிட்டா குற்றமற்றவர். அதற்குள் பிரதமர் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அரச அவமதிப்புச் சட்டத்தைத் திருத்துவோம் என்று வாக்குறுதி தந்ததற்காக, ஆகஸ்டில் மூவ் ஃபார்வர்டு கட்சியே கலைக்கப்பட்டது.

தங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்பதைத் தங்கள் டி.வி.யில் பார்க்க வேண்டும். 1992-ல் உயிரைக் கொடுத்தவர்களுக்காக எழுந்த கோரிக்கை இவ்வளவுதான். அதற்காகப் பிறந்த சேனலை மக்கள் முதலில் ஒரு முதலாளியிடம் இழந்தார்கள். பிறகு, அதன் பெயராலேயே தாங்கள் தேர்ந்தெடுத்த தலைவர் நாடாளுமன்றத்திலிருந்து வெளியேற்றப்பட்டதையும் பார்த்தார்கள். ஊடகம் யார் கையில் என்று கேட்கும் சட்டம், ராணுவத்தையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதுவரை அந்தக் கோரிக்கை நிறைவேறாமலேதான் இருக்கும்.