பசியெடுத்தால் பூச்சி பிடிக்கும் கொடி

பசளை குறைஞ்சா தேயிலை இலை வெளுத்துப் போகும். இது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் பசளை குறைஞ்சா பூச்சி பிடிக்கும் கொடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

மேற்கு ஆபிரிக்காவில் சியரா லியோன், லைபீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளின் காடுகளில் மட்டும் வளரும் அரிய கொடி அது. பெயர் ட்ரைபியோபில்லம். அதற்கு மூன்று வித இலை உண்டு. இளஞ்செடியில் சாதாரண இலை. சில காலம் ஈர்க்குப் போல நீண்ட, பசை சுரக்கும் இலை. அதில் ஒட்டிய பூச்சி தப்பாது. மரமேறும்போது நுனியில் இரண்டு கொக்கியுள்ள இலை.

முதலில் இதை வேறு குடும்பத்தோடு சேர்த்திருந்தார்கள். 1950களின் தொடக்கத்தில் ஏரி ஷா என்ற தாவரவியலாளர் தனிக் குடும்பமாகப் பிரித்தார். பூச்சியைச் செரிக்கும் என்பது 1979இல்தான் தெரிந்தது. பிறகு மரபணுவைப் பார்த்தால், நம் நாட்டுக் காடுகளில் 'பந்துரா' என்று சிங்களத்தில் சொல்லும் குடுவைச் செடிக்கும் இது சொந்தம்!

ஏன் பூச்சி பிடிக்கிறது? ஜெர்மனி ஆய்வாளர்கள் இதை வளர்த்துப் பார்த்து 2023இல் விடை சொன்னார்கள். நைட்ரஜனோ பொட்டாசியமோ குறைந்தபோது பசை இலை வரவில்லை. பொஸ்பரஸ் குறைந்தபோதுதான் வந்தது.

பெயர் வைத்து, குடும்பம் பிரித்து, இத்தனை வருஷம் கழித்துத்தான் அதன் பசி நமக்குப் புரிந்தது. காடு அழிந்திருந்தால் அதுவும் தெரியாமலே போயிருக்கும்.