'த்ரூ', 'டஃப்', 'தோ'... ஒரே நாலு எழுத்துக்கு ஏன் இத்தனை உச்சரிப்பு?

ஆபீஸ் மீட்டிங். ஸ்லைடைப் பார்த்துப் படிக்கிறீங்க. 'தரா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி 'த்ரூ' என்று வந்துவிடுகிறது. மூலையில் யாரோ ஒருத்தர் சிரிக்கிறார். அன்றைக்கு முழுக்க அந்தச் சிரிப்புதான் காதில் கேட்கும். ஆனால், அதில் உங்கள் தப்பு எவ்வளவு, அந்த ஸ்பெல்லிங்கின் தப்பு எவ்வளவு?

ஓ, யு, ஜி, ஹெச். இந்த நாலு எழுத்தும் சேர்ந்து வரும் சொற்களைப் பாருங்கள். 'ஆனாலும்' என்றால் 'தோ'. 'வழியாக' என்றால் 'த்ரூ'. கடினம் 'டஃப்'. இருமல் 'காஃப்'. மரக்கிளை 'பௌ'. எண்ணம் 'தாட்'. முழுமையானது 'தரா'. எழுத்துக் கூட்டு ஒன்றுதான். ஒலி மட்டும் ஏழு!

எப்படி வந்தது இந்தக் குழப்பம்?

பழைய ஆங்கிலத்தில் 'டஃப்' என்ற சொல் கிட்டத்தட்ட 'டோஹ்' என்று ஒலித்தது. கடைசியில் வரும் அந்த 'ஹ்', தொண்டையின் பின்பக்கம் காற்று உரசி வரும் ஒலி. ஆங்கிலத்தின் உறவு மொழியான ஜெர்மனில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 'கொண்டு வந்தான்' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ப்ராட்', ஜெர்மனில் 'ப்ராஹ்டெ'.

1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பின் பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள், இந்த உரசல் ஒலிக்கு ஜி, ஹெச் என இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. அன்றைக்கு அந்த ஜி சும்மா நிற்கவில்லை. அதற்கு வேலை இருந்தது.

பிறகு அந்த ஒலி மெல்ல மெல்லத் தேய்ந்தது. சில சொற்களில் சுத்தமாக மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆனது. ஊருக்கு ஊர் ஒரு பேச்சு. அவற்றிலிருந்து கலந்து எடுத்ததுதான் இன்றைய ஆங்கிலம். அதே காலத்தில் உயிரொலிகளும் பெரிய அளவில் மாறிக்கொண்டிருந்தன.

இதற்கு நடுவில், 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கினார். அச்சு பரவப் பரவ ஸ்பெல்லிங் உறைந்துபோனது. பேச்சு மட்டும் நிற்காமல் ஓடியது.

நமக்கும் இது புதுசில்லை. 'போயிற்று' என்று எழுதுவோம், 'போச்சு' என்று பேசுவோம். ஆனால் 'போயிற்று' என்பதை வாசிக்கும்போது அப்படியே வாசிக்கலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி போய்விட்டது.

அதிகம் தெரியாத உறவினர்கள்

இதே குடும்பத்தில் சில அபூர்வச் சொற்களும் உண்டு.

• 'சஃப்': மென்மையாக வீசும் காற்றின் ஓசை. 'சௌ' என்றும் சொல்வார்கள். இரண்டும் சரி.

• 'ச்சஃப்': சிவப்பு அலகும் சிவப்புக் காலும் கொண்ட காக்கை இனப் பறவை. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியின் அடையாளம். அங்கே அழிந்துபோய், 2001-ல் தானாகத் திரும்பி வந்தது.

• 'ஸ்லௌ': சேறு. லண்டன் அருகே இதே பெயரில் ஊரும் இருக்கிறது. 'தி ஆபீஸ்' பிரிட்டிஷ் தொடரின் கதை நடப்பது அங்கேதான். அதே ஸ்பெல்லிங்கை 'ஸ்லஃப்' என்று படித்தால், பாம்பு உரித்த சட்டை.

• 'ஹிக்கப்': விக்கல். இருமலுக்கும் இதற்கும் உறவு என்று தவறாக நினைத்து, 'காஃப்' ஸ்பெல்லிங்கை இதன் வாலில் ஒட்டிவிட்டார்கள். உச்சரிப்பு மட்டும் மாறவில்லை.

• 'லாஹ்': அயர்லாந்தில் ஏரி. அங்கே இன்றும் பலர் தொண்டை உரசலோடுதான் இதைச் சொல்கிறார்கள். காணாமல் போன அந்தப் பழைய ஒலியை இங்கே கேட்கலாம்.

அப்போ என்ன செய்வது?

இதற்கு விதி தேடி அலைய வேண்டாம், கிடைக்காது. ஒவ்வொரு சொல்லாகக் காதால் பழகுவதுதான் வழி. சந்தேகம் வந்தால், போனில் அகராதியைத் திறந்து ஸ்பீக்கர் படத்தைத் தட்டுங்கள். ஐந்து நொடி வேலை.

இன்னொன்று. அடுத்த மீட்டிங்கில் யாராவது தடுமாறினால் சிரிக்காதீங்க. அவர் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டார். தானாகவே படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.