மூன்று முடிச்சும் ஒரு கேமராவும்

கல்யாண வீட்டில் பந்தியை மறுபடி போடலாம். மாலையைக்கூட மறுபடி மாற்றச் சொல்லலாம். தாலியை மட்டும் மறுபடி கட்டச் சொல்ல முடியாது!

கூலிக்குப் போட்டோகிராபர் வைக்க வசதி இல்லாத வீடு என்றால், கேமரா வைத்திருக்கும் நண்பர் தலையில்தான் அந்தப் பொறுப்பு விழும். அவர் எடுப்பதுதான் ஆல்பம்.

மூன்று முடிச்சு போடச் சில வினாடிகளே ஆகும். "கெட்டி மேளம்" என்றதும் உறவினர்கள் எழுந்து விடுவார்கள். அட்சதை பறக்கும். பின்னால் நிற்பவரின் கேமராவில் முதுகுகள்தான் விழும்!

ஆகவே முதல் நாளே மண்டபத்தைப் பார்த்து வருவது நல்லது. வெளிச்சம் எந்தப் பக்கம்? முடிச்சுப் போட நாத்தனார் வருவாரா? எங்கே நிற்பார்? குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். வீட்டுப் பெரியவரையும் புரோகிதரையும் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பிலிம் காலத்தில் 35 மி.மீ. சுருளில் 36 படம்தான். இன்று ஆயிரம் எடுக்கலாம். ஆனால் பாட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. மாற்றுப் பாட்டரியும் மெமரி கார்டும் பையில் இருக்க வேண்டும்.

விடியற்கால முகூர்த்தத்தில் வெளிச்சம் குறைவு. ஐ.எஸ்.ஓ.வை 1600 ஆக உயர்த்தி, ஷட்டரை 1/125 வினாடியில் வைத்தால் கை நடுக்கம் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. ஓமப் புகையில் பிளாஷ் போட்டால் புகைதான் வெள்ளையாகத் தெரியும்.

தாலி ஏறியதும் கேமராவைப் பெண்ணின் தந்தை பக்கம் திருப்ப வேண்டும். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே அவர் பந்தியைக் கவனிக்கப் போய்விடுவார்.