அளவு தப்பக் கூடாத மாத்திரை

"ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் ஆச்சு, கிட்னி நல்லா வேலை செய்யுது. இன்னும் எதுக்கு ரத்தம் எடுக்கிறாங்க?" மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உள்ள வீட்டில், திருச்சியானாலும் ஸ்ரீரங்கமானாலும், இந்தக் கேள்வி எழாமல் இராது.

புதுச் சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைத்து அழிக்கப் பார்க்கும். அதைத் தடுப்பதுதான் டாக்ரோலிமஸ் மாத்திரை. ரத்தத்தில் அதன் அளவு குறைந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. கூடினால் நோய் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து வைரஸ் தலைதூக்கும்.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. பி.கே. வைரஸ் பற்றி உலகம் அறிந்ததும் அதே ஆண்டில்தான். பலருக்குச் சிறு வயதிலேயே தொற்றி, சிறுநீரகத்தில் சத்தமில்லாமல் தங்கியிருக்கும் வைரஸ் இது. எதிர்ப்புச் சக்தி தளர்ந்ததும் புதுச் சிறுநீரகத்தையே பாழாக்கும். பெரும்பாலும் வலியோ ஜுரமோ இராது, பரிசோதனையில்தான் தெரியும். டாக்டர் மாத்திரைகளின் அளவைக் கவனமாகக் குறைப்பதே முக்கிய சிகிச்சை.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டியவை:

மருந்து அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைக் கையோடு கொண்டு போங்கள்; ரத்தம் கொடுத்த பிறகே விழுங்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடலாம். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பம்பளிமாஸ் வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் கடை மருந்தோ நாட்டு மருந்தோ கூடாது.

முதல் சில மாதங்கள் வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் நெருக்க வேண்டாம். ரங்கநாதரை வீட்டிலிருந்தே சேவிக்கலாம்.

"நல்லாத்தானே இருக்கேன்" என்று அவர் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.