மூடிய உறைக்குள் பிள்ளைகளின் காசு

வீரர் அட்டை சேர்ப்பது நல்ல பொழுதுபோக்கு. அதை விற்கும் முறை பிள்ளைகளுக்கு எதைப் பழக்குகிறது?

மன்னார்த் தீவின் தோட்டவெளியில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பெடியன்களிடம் பந்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் போதும். காற்சட்டைப் பைக்குள்ளிருந்து றப்பர் பாண்ட் போட்ட ஒரு கட்டு வெளியே வரும். மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே என்று மூலை மழுங்கிய வீரர் அட்டைகள். "காட்" என்றுதான் சொல்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு கிடந்தால் மாற்றுவார்கள். மாற்றுவதற்கு முன் நடக்கும் பேரம் பேசாலைச் சந்தையில் மீன் ஏலம் போவதுபோல் சூடாக இருக்கும்.

இந்தக் கரையில் இது வியப்பில்லை. பள்ளிமுனை, பனங்கட்டிக்கொட்டு, தாழ்வுபாடு, பேசாலை என்று மன்னார்த் தீவின் கத்தோலிக்க ஊர்கள் எங்கும் உதைபந்தாட்டம் ஊறிப்போயிருக்கிறது. கழகங்கள் புனிதர்களின் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. திருநாளில் கிடைத்த புனிதர் படங்களைச் செபப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தும் வீட்டில் பிறந்த பிள்ளை, தனக்குப் பிடித்த வீரரின் படத்தையும் பத்திரப்படுத்துவது இயல்பு.

முந்திய தலைமுறைக்கும் இந்த ஆசை இருந்தது. 1990இல் போர் துரத்த, இந்தக் கரைகளிலிருந்து படகேறி இராமேசுவரம் போய், மண்டபம் முகாமில் சிறுவயதைக் கழித்துத் திரும்பியவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளின் பபிள்கம் அட்டைகள் தெரிந்திருக்கும். கிரிக்கெட் வீரரின் படத்தோடு ஓட்டங்களோ விக்கெட்டுகளோ அச்சிட்டிருக்கும். கணக்குச் சேர்ந்தால் பரிசு. அந்த அட்டையை யாரும் முதலீடு என்று வாங்கவில்லை. பபிள்கம்மின் இனிப்பு வாயில் கரைந்த பிறகும் கையில் மிஞ்சிய மகிழ்ச்சி அது.

கடலில் கொட்டியதும் கோடியில் விற்றதும்

அட்டை பரவியது சிகரெட் பெட்டியோடு. பிரித்தானியாவில் 1896இலேயே கிரிக்கெட் வீரர்களின் 50 அட்டைகள் கொண்ட தொகுதி சிகரெட்டோடு வெளிவந்தது. அமெரிக்காவில் 1909க்கும் 1911க்கும் இடையில் அப்படி வந்த பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிகச் சிலவே மிஞ்சியதால், மோசமான நிலையிலிருந்த ஒரு பிரதிகூட 2022இல் 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது.

அதே ஆண்டு ஓகஸ்டில் 1952ஆம் ஆண்டின் மிக்கி மான்டில் அட்டை ஒன்று 1 கோடியே 26 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. அந்தத் தொகுதியில் விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் அத்திலாந்திக் கடலில் கொட்டிவிட்டதாக அதை வடிவமைத்தவரே பின்னாளில் சொன்னார். உதைபந்தாட்டத்திலும் இதே கதைதான். பீலே 17 வயதில் உலகக் கிண்ணம் வென்ற 1958இல் சுவீடனில் அச்சான அவரது அட்டை ஒன்று 2022இல் 13 இலட்சம் டொலரைத் தாண்டியது.

இந்தச் செய்திகளைக் கைபேசியில் பார்க்கும் பிள்ளைக்கு ஒரு விடயத்தை யாரும் சொல்வதில்லை. அந்த அட்டைகளுக்கு விலை வந்தது, மற்றவற்றை உலகம் கசக்கி எறிந்ததால். எல்லோரும் பத்திரப்படுத்தத் தொடங்கினால் அருமை போய்விடும். 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இதுவே நடந்தது. பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு உதவும் என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கியவர்கள் ஏராளம். அச்சகங்களோ கணக்கில்லாமல் அடித்துத் தள்ளின. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று வாங்கிய விலைக்கும் போகாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது விற்கும் முறைக்கு வருவோம். உறை மூடியிருக்கும். உள்ளே யார் என்று வாங்குபவருக்குத் தெரியாது. அட்டையைப் போலவே மூடிய உறையில் விற்ற 2022 உலகக் கிண்ண ஸ்டிக்கர் அல்பத்தில் 670 ஸ்டிக்கர்கள். ஓர் உறையில் 5. எல்லா ஸ்டிக்கரும் சம அளவில் அச்சானதாகவே வைத்துக்கொள்வோம். தனியாக வாங்கும் பிள்ளை பாதி அல்பத்தை நிரப்பச் சராசரியாக 465 ஸ்டிக்கர் போதும். மற்றப் பாதிக்கு இன்னும் 4,280 வரை வேண்டும். மொத்தம் கிட்டத்தட்ட 950 உறைகள். கடைசியாக மிஞ்சும் ஒரே ஒரு படத்துக்கு மட்டும் சராசரியாக 134 உறைகள்.

பாதி நிரம்பியதும் பிள்ளைக்கு ஆசை உச்சத்தில் நிற்கும். செலவும் அந்த இடத்தில்தான் ஏறத் தொடங்கும். அட்டைத் தொகுதிகளில் இன்னும் ஒரு படி மேலே போய், கையொப்பமிட்டது, எண்ணிட்டது, பொன் விளிம்பு போட்டது என்று சிலவற்றை வேண்டுமென்றே அரிதாக அடிக்கிறார்கள். இதில் திறமைக்கு வேலையில்லை. கிழித்தால் வரும், வராது. லொத்தர் சீட்டைச் சுரண்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? பத்து வயதுப் பிள்ளையின் கையில் லொத்தர் சீட்டைக் கொடுக்கத் தோட்டவெளியில் எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். ஒரு வீரரின் முகத்தை மேலே ஒட்டியதும் நாம் எல்லோரும் சம்மதித்துவிட்டோம்.

கணினி விளையாட்டுகளில் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்குள் அடங்கும் என்று பெல்ஜியம் 2018இல் அறிவித்தது. காகித உறைக்கு மட்டும் ஏன் விலக்கு? 2021 மே மாதம் அமெரிக்காவில், கார் தரிப்பிடமொன்றில் அட்டைக்காகக் கைகலப்பு நடந்து துப்பாக்கி வெளியே வந்த பிறகு, பெரும் கடைத்தொடர் ஒன்று தன் கடைகளில் அட்டை விற்பனையையே சில காலம் நிறுத்தியது. அங்கே சண்டை பிடித்தவர்கள் வளர்ந்த ஆட்கள்.

அட்டை சேர்ப்பதால் கணக்கும் நினைவாற்றலும் வளரும், வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்து பிழைப்போரும் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பயன்கள் எல்லாம் படத்தைச் சேர்ப்பதிலும் மாற்றுவதிலும் கிடைப்பவை. அவற்றுக்கு மூடிய உறை தேவையில்லை.

மாற்றுவதுதான் உயிர்

மேற்சொன்ன கணக்கு தனியாக வாங்கும் பிள்ளைக்கானது. பத்துப் பேர் கூடி மாற்றினால் ஆளுக்கு ஆகும் செலவு பெருமளவு குறைந்துவிடும். ஒருவனிடம் மிஞ்சியது மற்றவனின் ஓட்டையை அடைக்கும். பெரிய வியாபாரம் மெல்ல மெல்லத் தின்பது இந்த மாற்றும் பழக்கத்தைத்தான். தரம் பார்த்து 1 முதல் 10 வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பேழைக்குள் அடைக்கும் தொழில் இன்று பெருத்திருக்கிறது. அடைத்த அட்டையை யாரும் தொட முடியாது, நண்பனுக்குக் கொடுக்க மனம் வராது. இலண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ மாமா கொண்டுவந்த அசல் அட்டையை ஒரு பிள்ளை கட்டிலிருந்து பிரித்துத் தனியே ஒளித்துவைக்கும்போது அந்த நோய் இங்கும் தொற்றிவிட்டது என்று பொருள்.

இன்னொன்றும் நெஞ்சை உறுத்துகிறது. மன்னார் மண்ணில் பிறந்து இலங்கைத் தேசிய அணிக்கு ஆடியவர் டக்ஸன் பியூஸ்லஸ். மாலைத்தீவுக் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். நம் பிள்ளைகளின் கட்டுகளில் ஐரோப்பிய வீரர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள், அவர் இல்லை. பக்கத்து ஊர் மைதானத்தில் ஞாயிறுதோறும் ஆடும் அண்ணன்மாரும் இல்லை.

அவர்களையும் அட்டையாக்கப் பெரிய முதல் வேண்டாம். மன்னார் நகரத்து அச்சகம் ஒன்றும், கழகங்களின் ஒற்றுமையும் போதும். ஒவ்வொரு கழகமும் தன் வீரர்களின் படத்தை அட்டையாக அடிக்கட்டும். பின்புறம் பெயர், ஊர், ஆடும் இடம். உறை கண்ணாடித்தாளாக இருக்கட்டும். உள்ளே யார் என்று பார்த்து வாங்கலாம். அரிய அட்டை, சாதாரண அட்டை என்ற பிரிவே வேண்டாம். வரும் காசு பந்துக்கும் வலைக்கும் போகட்டும். சுற்றுப்போட்டி நடக்கும் நாள்களில் மைதானத்து ஓரத்தில் மாற்றுவதற்கு ஒரு மேசை போடட்டும்.

அதுவரை பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பிள்ளை உறை கேட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் தெரியாது என்றால் அதை வாங்காதீர்கள். அந்தக் காசைச் சேர்த்து ஒரு பந்து வாங்கிக் கொடுங்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் ஆடுவார்கள்.