வெட்டுமரத் தொடர்வண்டி நீராவி உந்துபொறிகளைப் பேணுதல்

வெட்டுமரத் தொடர்வண்டி நீராவி உந்துபொறிகளைப் பேணுதல் என்பது, காடுகளில் வெட்டிய மரங்களை அறுவை ஆலைகளுக்கு இழுத்து வந்த பழைய நீராவி உந்துபொறிகளைச் சிதையாமல் காப்பதையும், இயலுமானால் ஓடும் நிலையில் வைத்திருப்பதையும் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள காஸ் மலைத் தொடர்வண்டி இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ஆகும். இத்தகைய பொறியை ஓட்டினால் அதன் உறுப்புகள் தேய்கின்றன. ஓட்டாமல் வெட்டவெளியில் நிறுத்தினால் துருப்பிடிக்கிறது. அதை இயக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்களும் குறைந்துபோகின்றனர். பேணுவோர் சந்திக்கும் இடர்ப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த முரணிலிருந்தே எழுகின்றன.

பின்னணி

மரம் வெட்டும் நிறுவனங்கள் மலைக்காடுகளில் குறைந்த செலவில் தண்டவாளம் அமைத்தன. ஓரிடத்தில் மரம் தீர்ந்ததும் அதைப் பெயர்த்து அடுத்த இடத்துக்குக் கொண்டுசென்றன. செங்குத்தான ஏற்றமும் கூர்மையான வளைவும் கொண்ட இப்பாதைகளில் வழக்கமான உந்துபொறிகளால் எளிதில் ஓட முடியவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் மரத்தொழில் செய்துவந்த எஃப்ரைம் ஷே இதற்குத் தீர்வாகப் பற்சக்கரங்களால் இயங்கும் உந்துபொறியை வடிவமைத்து, 1881-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ஒகையோ மாநிலத்தின் லைமா தொழிற்சாலை 1945 வரை 2,700-க்கும் மேற்பட்ட ஷே பொறிகளைக் கட்டியது. ஹைஸ்லர், கிளைமேக்ஸ் ஆகிய வகைகளும் இதே வேலைக்குப் பயன்பட்டன. பின்னர் லாரிகள் காட்டுக்குள் வந்ததும் பாதைகள் மூடப்பட்டன. பொறிகள் பழைய இரும்பாக விற்கப்பட்டன. இன்று எஞ்சியுள்ள ஷே பொறிகள் நூற்றுக்குச் சற்று அதிகமே.

அமைப்பும் தேய்மானமும்

பெரிய ஷே பொறிகளில் மூன்று உருளைகள் வலப்பக்கம் செங்குத்தாக நிற்கும். அவற்றின் எடையைச் சமன்செய்யக் கொதிகலன் இடப்பக்கம் சற்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். உருளைகள் சுழற்றும் நீண்ட தண்டு, வளைந்து கொடுக்கும் இணைப்புகள் வழியாகப் பொறியின் நீளம் முழுதும் சென்று, சரிவுப் பற்சக்கரங்களால் எல்லாச் சக்கரங்களையும் சுழற்றும். எல்லாச் சக்கரங்களும் இழுப்பதால் பொறி வழுக்காமல் ஏறுகிறது. ஆனால், இந்த இணைப்புகளும் பற்சக்கரங்களும் வெளியே இருப்பதால் மண்ணும் மணலும் படிந்து தேய்கின்றன. இடைவிடாமல் எண்ணெயிட வேண்டியுள்ளது.

காஸ் மலைப்பாதை

1901-இல் உருவான காஸ் ஊரிலிருந்து மலைக்குச் சென்ற மரப்பாதை 1960-இல் மூடப்பட்டது. மாநில அரசு அதை வாங்கி, 1963 முதல் சுற்றுலாவுக்காக இயக்கத் தொடங்கியது. இங்குள்ள 5-ஆம் எண் ஷே பொறி 1905-இல் கட்டப்பட்டு, அன்று முதல் இதே பாதையில் உழைத்து வருகிறது. 6-ஆம் எண் ஷே பொறி 1945-இல் கட்டப்பட்டது. ஷே வகையில் கடைசியாகக் கட்டப்பட்டது இதுவே. நிலக்கரிக் கிளைப்பாதை ஒன்றில் சில ஆண்டுகளே உழைத்த இது, பால்டிமோர் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் நின்றிருந்து, 1980-இல் காஸுக்கு வந்து மீண்டும் ஓடியது.

பொறிகளைக் காத்தால் மட்டும் போதாது என்பதையும் காஸ் காட்டுகிறது. 1972-இல் இதன் பழைய பணிமனை தீயில் அழிந்தது. 1985 நவம்பரில் வந்த வெள்ளம் கிரீன்பிரையர் ஆற்றங்கரைப் பாதையை அரித்துச் சென்றது.

கொதிகலனும் சட்டமும்

கொதிகலனே நீராவிப் பொறியின் மிக ஆபத்தான உறுப்பு. தீப்பெட்டியின் மேல்தகட்டை எப்போதும் நீர் மூடியிருக்க வேண்டும். நீர் குறைந்தால் தகடு பழுக்கக் காய்ந்து, இளகி, நீராவி அழுத்தத்தால் கிழியும். மலைப்பாதையில் இந்த ஆபத்து கூடுகிறது. காஸ் பாதை சில இடங்களில் 100 அடிக்கு 11 அடி வரை ஏறுகிறது. அத்தகைய ஏற்றத்தில் 20 அடி நீளக் கொதிகலனின் இரு முனைகளுக்கும் இடையே நீரின் ஆழம் ஏறத்தாழ 2 அடி வேறுபடும். எனவே நீர்மட்டத்தைக் கணிப்பதில் தீயிடுபவரின் பட்டறிவு மிகவும் இன்றியமையாதது.

1995 ஜூனில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் அருகே ஒரு சுற்றுலாத் தொடர்வண்டியின் பொறியில் நீர் குறைந்து மேல்தகடு கிழிந்தது. பணியாளர் மூவர் தீக்காயமடைந்தனர். அது மரப்பாதைப் பொறி அன்று. எனினும், இந்நிகழ்வுக்குப் பின் 2000-இல் திருத்தப்பட்ட நடுவண் அரசு விதிகள், அமெரிக்கத் தொடர்வண்டிப் பாதைகளில் அவ்விதிகளுக்கு உட்பட்டு ஓடும் நீராவிப் பொறிகளுக்குப் பொருந்துகின்றன. அவற்றின்படி, 1,472 பணிநாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றில் எது முந்துகிறதோ அப்போது, குழாய்களைக் கழற்றிக் கொதிகலனை உள்ளும் புறமும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். 15 ஆண்டுகளில் 1,472 நாட்கள் என்பது ஆண்டுக்குச் சுமார் 98 நாட்கள். ஆண்டுக்கு 30 நாட்கள் மட்டும் ஓடும் பொறி 450 நாட்களிலேயே கெடுவை அடைந்துவிடும். குறைவாக ஓட்டும் சிறு அமைப்புகளுக்கு இச்செலவு ஒப்பீட்டளவில் பெரும் சுமையாகிறது.

சோதனைக்காகப் பழைய வெப்பக்காப்பு உறையை அகற்றும்போது கல்நார் வெளிப்படக்கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால், பயிற்சி பெற்றவர்களே அதை அகற்ற வேண்டும். மெலிந்த தகடுகளைக் கேளா ஒலி அலைகளால் அளந்து, தேவையானவற்றை மாற்றுவர்.

உறுப்புகளும் மூலத்தன்மையும்

லைமா தொழிற்சாலை இன்று இல்லை. கடையில் உதிரி உறுப்பு கிடைக்காது. உடைந்த வார்ப்புக்கு முதலில் மாதிரி அச்சு செய்து, வார்த்து, கடைந்து எடுக்க வேண்டும். தாங்கிகளில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிச் சீராக்க வேண்டும்.

இவ்வாறு ஒவ்வொன்றாக மாற்றும்போது, பழைய பொறியில் எவ்வளவு பழையதாக எஞ்சும் என்ற கேள்வி எழுகிறது. தறையாணி அடித்த கொதிகலனுக்குப் பதிலாகப் பற்றவைத்த புதிய கொதிகலனைப் பொருத்தினால் பொறி பாதுகாப்பாக ஓடும். ஆனால், அக்காலக் கொல்லர்களின் கைவேலைக்கான சான்று அதிலிருந்து நீங்கிவிடும்.

தொழில்திறன்

தீ வளர்ப்பது, தாங்கியின் சூட்டைக் கையால் தொட்டு அறிவது, குழாய் முனைகளை விரித்து இறுக்குவது போன்ற திறன்களை ஏட்டைப் படித்து மட்டும் பெற இயலாது. ஓடும் பொறிகளே இவற்றைக் கற்பிக்கும் பள்ளியாக உள்ளன.

இதனால் பல இடங்களில் ஒரு நடுவழி பின்பற்றப்படுகிறது. வலுவான சில பொறிகள் மட்டும் முறைவைத்து ஓட்டப்படுகின்றன. மூல உறுப்புகள் பெரிதும் எஞ்சியுள்ள அரிய பொறிகள் கூரையின்கீழ் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. மாற்றிய உறுப்புகளை எறியாமல் அடையாளமிட்டு வைப்பதும், செய்த வேலையைப் படத்துடன் பதிவுசெய்வதும், அடுத்த 15 ஆண்டுகள் கழித்து அதே பொறியைப் பிரிப்பவர்களுக்கு வழிகாட்டியாக அமைகின்றன.