தனியே இருந்தால் திக்காத வாய்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாகப் போய்ப் பாலாற்றைக் கடந்தால் கர்நாடகம். மாதேஸ்வரன் மலையில் ஏறி இறங்கி, கொள்ளேகாலையும் தாண்டினால் மைசூர். பேச்சுக்கும் செவிக்கும் என்றே மத்திய அரசு 1965இல் தொடங்கிய அகில இந்திய நிறுவனம் அங்கேதான், மானசகங்கோத்ரியில் இருக்கிறது. திக்குவாய்க்குப் பரிசோதனையும் பயிற்சியும் அங்கே உண்டு.

திக்குகிறவரை ஒரே ஒரு முறை பேசவைத்து எடைபோட முடியாது. வாசிக்கச் சொல்ல வேண்டும், படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்ல வேண்டும், உரையாட வேண்டும். நூறு அசைக்கு எத்தனை திக்கல், மிக நீண்ட மூன்று அடைப்புகள் எத்தனை நொடி, கண்ணோ கழுத்தோ துடிக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். ஒவ்வொரு வேலைக்கும் கணக்கு மாறும்.

எவ்வளவு மாறும் என்பதுதான் வியப்பு. வருகைப் பதிவின்போது "உள்ளேன் ஐயா" என்ற இரண்டு சொல் வராமல் முகம் சிவந்து நிற்கும் பையன், காலை வணக்கக் கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து உறுதிமொழியைத் தங்குதடையின்றிச் சொல்லிவிடுவான். பாடும்போது திக்காது. தாளத்துக்கு ஏற்ப அசையசையாகப் பேசினாலும் பெரும்பாலும் திக்காது. ஒரே பத்தியை ஐந்து முறை வாசித்தால் முறைக்கு முறை திக்கல் குறையும். ஆனால் சொந்தப் பெயர் சிக்கும். வேறு சொல்லைப் போட்டுத் தப்பிக்க முடிகிற இடமல்லவே அது! நடத்துநரிடம் ஊர்ப்பெயர் வாயில் வராததால் அடுத்த நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கி, நடந்து திரும்புகிறவர்களின் வேதனை நம் கண்ணில் படுவதே இல்லை.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எரிக் ஜாக்சன் குழுவினர் செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. திக்குகிற 24 பெரியவர்களைத் தனியே உட்காரவைத்து, கணினியில் கடினமான நிரல் எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். யாரும் கேட்கவில்லை என்று நம்பவைத்தார்கள். ஆழ்ந்து வேலை செய்கையில் மனிதர் தமக்குத் தாமே பேசிக்கொள்வது இயல்பு. அந்தப் பேச்சில் திக்கல் ஏறக்குறைய இல்லவே இல்லை. பிறகு, தனிமையில் சொன்ன அதே சொற்களை ஆட்கள் முன்னால் சொல்லச் சொன்னதும் திக்கல் திரும்பிவிட்டது. வாய் அதே வாய், சொல் அதே சொல். கூடுதலாக வந்தது கேட்கும் காது மட்டும்தான்.

இதைப் பார்த்து "எல்லாம் மனப்பிரமை, பயம்" என்று முடிவுகட்டுவது அநியாயம். திக்குவாய் குடும்பவழியாக வருவதுண்டு. சில மரபணுக்களும் கண்டறியப்பட்டுள்ளன. 1996இல் வெளியான மூளைப் படங்களில், திக்குகிறவர்களின் வலப்பக்கப் பேச்சியக்கப் பகுதிகள் அளவுக்கு மீறி உழைப்பதும், இடப்பக்கக் கேட்டல் பகுதி அடங்கிக் கிடப்பதும் தெரிந்தன. மற்றொருவரோடு சேர்ந்து வாசித்தபோது அந்த மாறுபாடுகள் பெருமளவு மறைந்தன. ஆக, கோளாறு நாக்கில் இல்லை. பேச்சுத் திருந்தட்டும் என்று வசம்பைத் தேய்த்தால் நாக்கு என்ன செய்யும்? அறிவுக்குறையும் இல்லை: 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கித் திக்கியே பல்லாண்டுகள் மேடைகளில் பேசினார்.

பயிற்சி அறையில் சரளமாக வருவது வெளியே அப்படியே வந்துவிடாது. அதனால் நல்ல பயிற்சியாளர், நிதானமாகத் தொடங்கி மென்மையாக ஒலியெழுப்பப் பழக்கியதும் அறையைவிட்டுக் கிளப்பிவிடுவார்: முன்பின் தெரியாத எண்ணுக்குத் தொலைபேசியில் பேச, கடையில் விலை கேட்க, வரிசையில் நின்று சொந்தப் பெயரைச் சொல்ல.